போகாதே என்றவன்

சங்ககிரி பஸ்ஸில் பார்த்த கல்லூரி மாணவன் அவன். ஒல்லியான ஆள். பேசாத நேரங்களில் அடையாள அட்டைக் கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தான். போர் கூடாதென்று கல்லூரி வாசலில் பதாகை பிடித்தவனாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, பட்டாளத்து ஆளெடுப்பில் தேறியிருந்த தோழன் அவனைக் கிண்டலடித்தான்.

“ஏனுங்க போராட்டக்காரரே, நாட்டைக் காப்பாத்த வேண்டாங்களா?”

“போரு வேணும்னு கத்தறவன் எவன்டா உன்ற கூட வாரான்? போகாதடா.” அவன் குரல் உடைந்தது.

“உறவுக்காரனா சாமி?” என்று மாணவனிடம் கேட்டேன்.

“இல்லீங்க. ஒன்னாப் படிக்கறமுங்க.”

எட்டாவதோடு படிப்பை விட்டு நான் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியேறி வடக்கே வேலைக்குப் போனபோது, வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் எழவில்லை. போர் சரியா தப்பா, எனக்குத் தெரியாது. போகாதே என்று கெஞ்ச ஒருவன் கிடைத்த அந்தத் தோழன்மேல்தான் பொறாமையாக இருந்தது. தோழனோ ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தான்.