கண்மூடிக் கேட்ட நாற்பது தட்டுகள்

இசைத்தட்டுத் தொழிற்சாலையில் அவளுக்குக் காதுக்காரி என்று பெயர். அவளுக்கு மட்டுமல்ல, மாடி அறையில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஆறு பெண்களுக்கும் அதே பெயர்தான். கீழே அச்சு இயந்திரங்கள் தட்டுகளை அழுத்தித் தள்ளும். நூறு தட்டுக்கு ஒன்று மேலே வரும். தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதை முதலிலிருந்து கடைசிவரை கேட்டு, கீறலோ இரைச்சலோ இல்லையென்றால் சீட்டில் சரி போட வேண்டும். வேலை அவ்வளவுதான். "பாட்டுக் கேக்கச் சம்பளமா? யாரு காதுல பூ சுத்தறே?" என்று அவளுடைய சொந்த அத்தையே கேட்டிருக்கிறாள்.

அத்தைக்கு என்ன தெரியும்? ஒரே பாட்டை ஒரு நாளில் முப்பது தடவை கேட்டுப் பார்த்தால் தெரியும். மத்தியானத்துக்குள் எந்தப் பாட்டும் கசந்துவிடும். ஆறு பேரில் இரண்டு பேர் வீட்டில் யாராவது முணுமுணுத்தால்கூட எரிந்து விழுவார்கள். இவள் அப்படியில்லை. இவளுக்குப் பாட்டு சலிக்கவே சலிக்காது. போர்மேன் அதைப் பாராட்டாகச் சொல்வார். பிற்பாடு வந்த வினையெல்லாம் அதனால்தான் என்று அப்போது அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

போர்மேன் ஒரு சட்டம் வைத்திருந்தார். "காது பாதி, கண்ணு பாதி." தட்டின் நடுவில் இருக்கும் ஓட்டை ஒரு மயிரிழை விலகியிருந்தாலும், தட்டு சுற்றும்போது ஊசி பிடித்த இயந்திரக் கை வலமும் இடமுமாக ஆடும். கை ஆடினால் குரலும் ஏறி இறங்கும். வேகமான பாட்டில் அது தெரியாது. நீட்டிப் பாடும் இடத்தில் குரல் நடுங்குவதுபோல் கேட்கும். காது சில நேரம் ஏமாந்துபோகும், கண் ஏமாறாது. அதனால் தட்டு சுற்றும் வரைக்கும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பவள் வீட்டில் போய்க் கேட்கட்டும் என்பார்.

அந்த வருஷம் ஊரையே கிறுக்குப் பிடிக்கவைத்த பையன் ஒருவன் இருந்தான். பதினாறு வயது. நெற்றியில் சுருண்டு விழும் முடி. அதனால் சுருட்டை என்றே எல்லோரும் சொன்னார்கள். அவனுடைய முதல் பாட்டு துள்ளல் பாட்டு. சைக்கிள் கடையில், முடிவெட்டும் கடையில், கல்யாண வீட்டில் என்று எங்கே போனாலும் அதுதான். பையன்கள் தண்ணீர் தொட்டு முடியைச் சுருட்டிக்கொண்டு திரிந்தார்கள். காதுக்காரிக்கு அப்போது பத்தொன்பது வயது. அவன் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி, சாப்பாட்டு டப்பா மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள். தன்னைவிடச் சின்னப் பையன், அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று அவள் இன்றைக்கும் சொல்வாள். நாமும் நம்பி வைப்போம்.

மறு வருஷம் அவனுடைய இரண்டாவது தட்டு வந்தது. இது மெதுவான பாட்டு. ஒவ்வொரு அடியின் முடிவிலும் ஒரே சுரத்தை நீட்டி நிறுத்துவான். ஸ்டுடியோவிலிருந்து மாதிரித் தட்டு வந்த அன்றைக்கே, போர்மேன் அறையில் சாப்பாட்டு வேளையில் அதைப் போடச் சொல்லிக் கெஞ்சி, நான்கு நாளில் பாட்டு முழுவதையும் மனப்பாடம் பண்ணிவிட்டாள். அந்த மாதிரித் தட்டில் எந்தக் குறையும் இல்லை. அவன் நிறுத்திய சுரம் நிறுத்திய இடத்தில் நின்றது.

பிறகு நாலாயிரம் தட்டு அச்சானது. நூற்றுக்கு ஒன்று வீதம் நாற்பது தட்டு மேலே வந்தது. நாற்பதையும் நானே கேட்கிறேன் என்று மற்றவர்களிடம் சண்டை போட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டு நாள் வேலை. முதல் தட்டு சுற்ற ஆரம்பித்ததும் கண்ணை மூடினாள். நாற்பது தடவையும் மூடினாள். மனதுக்குள் கூடவே பாடினாள். காதில் விழுந்தது தட்டில் இருந்த குரலா, அவளுக்குள் இருந்த குரலா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. நாற்பது சீட்டிலும் சரி போட்டுக் கையெழுத்திட்டு, அன்றைக்குச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனாள்.

இரண்டு வாரத்தில் ஊர் சிரிக்க ஆரம்பித்தது. "பையனுக்குக் குரல் உடைஞ்சு போச்சு, பாவம்" என்றார்கள் நல்லவர்கள். மற்றவர்கள் ஆட்டுக்குட்டிபோல் கத்திக் காட்டினார்கள். பதினேழு வயதுப் பையனுக்குக் குரல் உடைவது உலகத்தில் நடக்கிற காரியம்தானே, யாருக்கும் சந்தேகமே வரவில்லை. காதுக்காரிக்குக் கோபம் கோபமாக வந்தது. இந்த ஜனங்களுக்குக் காது அவிந்துவிட்டதா என்று திட்டிக்கொண்டே, கடையில் ஒரு தட்டு வாங்கிப் பக்கத்து வீட்டுப் பாட்டுப் பெட்டியில் போட்டாள். இந்தத் தடவை கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். ஊசி பிடித்த கை வலமும் இடமுமாக ஆடிக்கொண்டிருந்தது. அன்று இரவே போர்மேன் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள்.

மறுநாள் காலையில் போர்மேன் அச்சு இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தார். நடு ஓட்டைக்கான ஆணி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. யாரிடமும் சொல்லாமல் புது ஆணி மாட்டினார். பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாலாயிரமும் கடைக்குப் போயாச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு."

"அவங்ககிட்டயாவது சொல்லிடலாமே சார்."

"எவங்ககிட்ட?"

"பாடினவங்ககிட்ட."

"சொன்னா அவன் அப்பன் கம்பெனிக்கு வருவான். கம்பெனி எங்கிட்ட வரும். நான் உங்கிட்ட வருவேன். அப்புறம் நீ எங்க போவே?" என்றார் அவர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "சின்னப் பையன்தானே, இன்னும் நூறு பாட்டுப் பாடுவான். விடு" என்றார்.

அவளுக்குப் போக இடமில்லை. அப்பா பக்கவாதத்தில் படுத்த படுக்கை. இரண்டு தங்கைகள் பள்ளிக்கூடத்தில். வாயை மூடிக்கொண்டாள். நூறு பாட்டில் ஒன்றுகூட வரவில்லை. மூன்றாவது தட்டுக்குக் கம்பெனி ஆள் அனுப்பவில்லை, சுருட்டையும் போய்க் கேட்கவில்லை. அடுத்த வருஷம் பையன்களெல்லாம் வேறு யாரோ மாதிரி முடியை நேராகச் சீவிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகும் அவள் ஒரு முழு வாழ்க்கை வாழ்ந்தாள், அதையும் சொல்ல வேண்டும். தொழிற்சாலையை விட்டுத் தொலைபேசி நிலையத்தில் சேர்ந்தாள். தங்கைகளைக் கரையேற்றினாள். கல்யாணம் ஆயிற்று, ஒரு மகன் பிறந்தான். கணவர் தங்கமான மனிதர். ஒரே ஒரு முறை அவரிடம் இதைச் சொன்னாள். "ஒரு பாட்டுக்காரன் போனா இன்னொருத்தன். இதுக்குப் போயா முகத்தைத் தூக்கி வச்சிருக்கே?" என்று சிரித்தார். அதன் பிறகு அவரிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. மகன் பாட்டுப் பெட்டி வாங்கி வந்தபோது அதைப் பின்னறையில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். அம்மாவுக்குப் பாட்டே பிடிக்காது என்று அவன் தன் மனைவியிடம் சொல்லிவைத்திருந்தான்.

எழுபத்தெட்டாவது வயதில் அந்த மருமகள்தான், பொழுது போகட்டும் என்று அவளைப் பழைய பாட்டு ரசிகர்களின் கைபேசிக் குழு ஒன்றில் சேர்த்துவிட்டாள். ஒருநாள் அதில் யாரோ சுருட்டையின் முதல் பாட்டைப் போட்டார்கள். அடேயப்பா, இந்தப் பையனை மறந்தே போய்விட்டோமே என்று கிழவர்களும் கிழவிகளும் உருகித் தள்ளிவிட்டார்கள். ஒருவர் தண்ணீர் தொட்டு முடி சுருட்டிய கதையைச் சொன்னார். ஒருவர், 'ரெண்டாவது பாட்டில் குரல் போய்விட்டது, இல்லையென்றால் எங்கேயோ போயிருப்பார்' என்று எழுதினார். அதற்குக் கீழே இன்னொருவர், 'எங்கள் தெருவில்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பாட்டைப் பற்றிப் பேசினால் எழுந்து உள்ளே போய்விடுவார்' என்று எழுதி, தெருவின் பெயரையும் போட்டிருந்தார்.

மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவனுக்கு எழுபத்தைந்து, தனக்கு எழுபத்தெட்டு. இரண்டில் ஒரு விளக்கு அணைந்துவிட்டால் இந்த விஷயத்தைச் சொல்லவும் ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை. உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், நெஞ்சில் கிடக்கும் கல்லை இறக்கி வைத்துவிட வேண்டும். நான்காம் நாள் காலையில், டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று மருமகளிடம் பொய் சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போனாள்.

ஒடுக்கமான கடை. இரண்டு பக்கமும் கண்ணாடிச் சட்டங்கள் தொங்கின. கல்லாவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பின்னால் அரைச் சுவருக்கு அப்பால், தேய்ப்புச் சக்கரத்தில் கண்ணாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர் குனிந்திருந்தார். தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி இல்லை.

"பவர் பாக்கணுமாம்மா?" என்றாள் அந்தப் பெண்.

"இல்லம்மா. அவர்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"அப்பா, உங்களைத்தான்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் அழகாக ஒரு முன்னுரை கட்டி வைத்திருந்தாள். எல்லாம் காற்றில் போயிற்று.

"நான் ரெக்கார்டு கம்பெனியில வேலை பாத்தேங்க. உங்க ரெண்டாவது பாட்டை நான்தான் கேட்டுப் பாஸ் பண்ணேன்."

"பாட்டு விஷயம்னா வேண்டாம்மா" என்று அவர் திரும்பினார்.

"உங்க குரல் உடையலைங்க. தட்டுல ஓட்டை விலகியிருந்துச்சு."

அவர் நின்றார். மகள் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டாள். காதுக்காரி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். தேய்ந்த ஆணியைச் சொன்னாள். போர்மேனைச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, அதையும் சொன்னாள். அவள் முடித்த பிறகு அவர் ஒன்று கேட்டார்.

"எவ்வளவு விலகல்?"

"அரை மில்லிகூட இருக்காதுங்க."

அவர் தலையை அசைத்தார். நாற்பது வருஷம் கண்ணாடியை மையம் பார்த்துச் சட்டத்தில் பொருத்தியவருக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்போ ஸ்டுடியோவுல நான் பாடினது?"

"துளிகூட ஆடலைங்க. அந்த மாதிரித் தட்டை நான் கேட்டிருக்கேன்."

"ரெக்கார்டைக் கேட்டதும் எனக்கே அருவருப்பாப் போச்சு. மிஷின் பொய் சொல்லாதுன்னு நெனச்சேன்" என்றார் அவர்.

"எங்களைத் தூங்கவைக்கக்கூட அப்பா ஒரு பாட்டு பாடினதில்லை" என்றாள் மகள், யாரிடம் என்றில்லாமல்.

அவர் கொஞ்ச நேரம் கல்லாவின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். போன வாரம்தான் புரிந்தது என்று சொல்லியிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

"தட்டு கடைக்கு வந்த ரெண்டு வாரத்துல" என்றாள்.

"ரெண்டு வாரத்துல."

"வேலை போயிடும்னு பயம். வீட்டுல அப்பா படுக்கையில இருந்தார்."

"அது சரி. பேர் போடாம ஒரு கார்டு எழுதியிருக்கலாமே."

பெயர் போடாத ஒரு கார்டு. யாருக்கும் வேலை போயிருக்காது. போர்மேனுக்கும் தெரிந்திருக்காது. இத்தனை வருஷம் இதையே நினைத்து நினைத்துப் புழுங்கியவளுக்கு, அது ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. தன்னை நினைத்துத்தான் புழுங்கியிருக்கிறாள், அவனை நினைத்து இல்லை. அது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவமானமாக இருந்தது.

"எங்கம்மா சொல்லிக்கிட்டே இருந்தா" என்றார் அவர். "உன் குரல்ல ஒண்ணுமில்லடா, அந்த மிஷின்ல ஏதோ கோளாறுடான்னு. பெத்தவ வேற எப்படிச் சொல்லுவான்னு எரிஞ்சு விழுவேன். அவ விடமாட்டா. வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லுவா. எனக்கு மானம் போகும். ஒருநாள் எல்லார் முன்னாடியும் கத்திட்டேன், இனிமே இந்தப் பேச்சை எடுத்தா இந்த வீட்டுல இருக்கமாட்டேன்னு. அதோட நிறுத்திட்டா. பதினோரு வருஷம் அப்புறம் இருந்தா. அந்தப் பேச்சையே எடுக்கலை."

மகள் அவர் தோளில் கைவைத்தாள்.

"அவ சொன்னதுதான் சரின்னு இப்ப யாருகிட்டம்மா போய்ச் சொல்றது?" என்று காதுக்காரியைப் பார்த்துக் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. பதில் இருந்தால் சொல்லட்டும் என்று நிஜமாகவே கேட்டார்.

மன்னிப்புக் கேட்க வந்தவளுக்கு அந்த வார்த்தையை எடுக்கவே வாய் வரவில்லை. அவர் திரும்பி, அரைச் சுவருக்கு அப்பால் போய் உட்கார்ந்தார். சக்கரத்தைப் போடவில்லை. முதுகு மட்டும் குலுங்குவது கடையிலிருந்து தெரிந்தது.

மகள் அவளை வாசல் படிவரை கைபிடித்து இறக்கிவிட்டாள். பஸ் எங்கே நிற்கும் என்று காட்டினாள். பிறகு, முகத்தில் கோபமே இல்லாமல் சொன்னாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

"சரிம்மா" என்றாள் காதுக்காரி.