ரொபோகன் எவருடைய சொல்

அறுபது வயது மனுசி ஒருத்தி, சின்னப் பிள்ளைகள் பனிமேட்டில் சறுக்கி விளையாடும் ரொபோகன் பலகையில் மா மூட்டையை வைத்துக் கயிற்றால் இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறீர்களா? மல்வேர்னில் எங்கள் பக்கத்து வீட்டு ரோஸ் அப்படித்தான் கடைக்குப் போய்வருவா. போன சனிக்கிழமை முழங்கால் பனிக்குள் அரிசி மூட்டையைத் தோளில் வைத்து நான் முக்கிக்கொண்டு வர, "முதுகு வேண்டாமோ உனக்கு? ரொபோகனில போடு" என்று ஆங்கிலத்தில் அதட்டினா. போட்டேன்.

"ரொபோகன்! நல்ல இங்கிலிஷ் சொல்" என்றேன், சும்மா கதைக்க ஒரு கதையாக.

ரோஸ் நின்றுவிட்டா. "இங்கிலிஷோ? உது எங்கட சொல். மிக்மாக் பாஷை. கயிறு கட்டி இழுக்கிறது எண்டு கருத்து. எங்களிட்ட பிரெஞ்சுக்காரன் எடுத்தான், அவனிட்ட இங்கிலிஷ்காரன் எடுத்தான்."

அட, இந்த மண்ணின் பூர்வகுடியா இவ! மூன்று வருசமாக இவவை வெள்ளைக்காரி என்றல்லவா நான் நினைத்திருந்தேன். எனக்குச் சந்தோசத்தில் ஒரே புளுகம். எங்கட கட்டுமரத்தையும் இப்படித்தான் எடுத்தவங்கள் என்று பெருமையடித்துவிட்டு, "பனிக்கு உங்கட பாஷையில என்ன?" என்றேன்.

"தெரியாது."

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். "சரி, அம்மாவுக்கு?"

"தெரியாது எண்டு சொல்லுறன். அம்மாவைச் சின்னனில அரசாங்க ஆக்கள் பிடிச்சுக்கொண்டுபோய் விடுதிப் பள்ளிக்கூடத்தில போட்டவை. எங்கட பாஷை கதைச்சா அடி. எங்களுக்கும் அடி விழும் எண்ட பயத்தில அவ ஒரு சொல்லும் சொல்லித்தரேல்ல. ரொபோகனையே நான் இங்கிலிஷ் அகராதியிலதான் கண்டுபிடிச்சன்."

ஐயோ! அடித்தவனுடைய அகராதியில் தாயின் சொல்லைத் தேடி எடுத்த மனுசி. யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்குள் வீடு போனது, வளவு போனது. மொழி வாயில்தானே இருக்கிறது, அதை எவன் பறிப்பான் என்ற தெம்பு எனக்கு. அந்தத் தெம்பில்தான், போன வருசம் மகன் ஆதவன் டேகெயார் காப்பகத்தில் இங்கிலிஷ் வராமல் பிந்தி நிற்கிறான் என்று என் மனுசி சுமதி பயந்து, "இனி வீட்டில இங்கிலிஷ் மட்டும் கதைப்பம், தமிழ் எங்க போகப்போகுது?" என்றபோது நானும் ஓம் என்றேன். பிறகு இரட்டை ஷிப்ட் ஓடியதில் நான் எதையும் கவனிக்கவில்லை. எங்களை ஒருவரும் அடிக்கவுமில்லை.

வீட்டுக் கதவைத் திறந்ததும், சப்பாத்தையும் கழற்றாமல் கூப்பிட்டேன்: "ஆதவன், ஓடி வா அப்பன். அப்பாவோட கொஞ்சம் கதை."

பிள்ளை என்னை உற்றுப் பார்த்தான். பிறகு தாயிடம் திரும்பி, "மம்மி, வாட் டிட் ஹீ சே?" என்றான்.

சுமதி கறிச்சட்டியைக் கிண்டியபடியே, "டாடி வோன்ட்ஸ் டு டோக் டு யூ" என்று மொழிபெயர்த்தா.