சொம்பின் கழுத்தில் நாலு கோடு

எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். பாத்திரங்களில் பேர் வெட்டுவது என் தொழில். ஒரு வரிக்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. இதையெல்லாம் எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். சொல்லாமல் வைத்திருப்பது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில், ஒரு வைகாசி மாதம் நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பாயின் பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முகூர்த்த நாட்கள் என்பதால் சீர்ப் பாத்திரங்கள் என்னைச் சுற்றிக் குவிந்து கிடந்தன. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்பு ஓர் ஆப்பிரிக்க மாணவர் வந்தார். ராஜபாளையத்தில் அறை எடுத்துத் தங்கி, பக்கத்துக் கல்லூரியில் படித்தவர். பித்தளைச் சொம்பு ஒன்றை வாங்கி என் முன்னால் வைத்தார்.

"பேரு வெட்டணும் அண்ணாச்சி. செத்த நேரத்துல முடிஞ்சிருமா?"

மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க வந்திருந்த ஓர் அம்மாள் வாயில் கை வைத்துவிட்டார். "ஏட்டி, நம்மள மாதிரியே பேசுதான் பாரு!"

"மூணு வருசமா இங்கன மெஸ்ஸுல சாப்பிடுதேன் ஆச்சி. பேச்சு வராம இருக்குமா?"

"அப்படியா? எங்க வீட்டுக்காரரும் முப்பது வருசமா இந்தச் சோத்தத்தான் திங்காரு. ஒரு வார்த்த பேசக் காணோமே!"

கடையே சிரித்தது. அந்தத் தம்பியும் சிரித்தபடி ஒரு சீட்டை நீட்டினார். ஒரு பெண்ணின் பேர், ஆங்கிலத்தில். எல்லோரிடமும் கேட்கிற மாதிரி, "இனிஷியல் என்ன?" என்றேன்.

"தெரியாது அண்ணாச்சி. அவிய அப்பா பேரு யாருக்குமே தெரியாது."

நான் வெட்ட வெட்ட, பக்கத்தில் குத்தவைத்து அந்தக் கதையைச் சொன்னார். அது அவருடைய பாட்டிக்குப் பாட்டியின் பேர். சின்னப் பிள்ளையில் அந்தப் பாட்டியைப் பிடித்து, அடிமையாக விற்கக் கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள். ஆங்கிலேயரின் கப்பல் ஒன்று வழிமறித்து மீட்டு, பம்பாயில் கொண்டுவந்து விட்டிருக்கிறது. அங்கேயே வளர்ந்து, அவரைப் போல மீட்கப்பட்ட மற்றவர்களோடு மறுபடி கடல் தாண்டிப் போய், ஆப்பிரிக்கக் கரையில் ஓர் ஊரை உண்டாக்கியிருக்கிறார்கள். அதுதான் இந்தத் தம்பியின் ஊர். இப்போது ஊர்க்காரர்களே சேர்ந்து, சர்ச்சை ஒட்டிய ஓர் அறையில் முன்னோர்களின் பொருட்களைச் சேர்த்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார்களாம். காலில் மாட்டிய இரும்பு வளையம் ஒன்று, ஜெபப் புத்தகங்கள், தச்சு உளிகள். அவற்றோடு, அந்தப் பாட்டி பம்பாயிலிருந்து கொண்டுபோன ஒரு பித்தளைச் சொம்பு.

சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். பாட்டியின் அந்தச் சொம்பின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தது. அவருடைய மாமா தபாலில் அனுப்பியது. நாலு கோடு, ஒரு வட்டம், மூன்று புள்ளி.

"அவிய பொறந்த வீடுன்னு எங்க ஊர்ல சொல்லுவாக. வட்டம் வீடு. நாலு கோடு கூடப் பொறந்தவங்க. அப்படித்தான் சொம்புக்குப் பக்கத்துல அட்டையில எழுதி வச்சிருக்காக. புள்ளிக்குத்தான் யாருக்கும் அர்த்தம் தெரியல. நீங்க இதே வேலையா இருக்கிய. பாத்துச் சொல்லுங்க."

கல்லூரியில் யாருக்கும் தெரியவில்லையாம். படித்த பிள்ளை என்னிடம் ஒன்றைக் கேட்கிறாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு பார்வைதான் பார்த்தேன்.

"இது வீடும் இல்ல, பேரும் இல்ல தம்பி. எடை. அந்தக் காலத்து யாவாரிக இப்படித்தான் கோடும் புள்ளியுமா கொத்தி வைப்பாக."

"எடையா?" என்றார். தாளைக் குனிந்து பார்த்துவிட்டு மறுபடி, "எடையா?" என்றார்.

பேர் வெட்டி முடித்தேன். சொம்பைக் கைக்குட்டையால் துடைத்து எடுத்துக்கொண்டார். தாளைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. "நீங்களே வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. எடைதானே. படிப்பு முடிஞ்சு ஊருக்குப் போறேன், போனதும் அட்டைய மாத்தச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.

சாப்பிட்டு வந்த பாய் தாளைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எடைய எங்கப்பா கொத்துவாக?"

"அடியில."

"அடி தட்டையால்லா இருக்கும்? இது ஏன் வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு?"

ஒரு சொம்பை எடுத்து அதன் கழுத்தில் அந்தத் தாளைச் சுற்றினார். சாய்ந்து கிடந்த நாலு கோடும் நேராக எழுந்து நின்றன. "கழுத்துல எவன்ல எடை கொத்துவான்?" என்றார். "அதுவும் பம்பாய்க்காரன் குறிய நீ எப்ப பாத்த?"

உடையவர்களின் பேரை நான் தினமும் வெட்டுகிற இடம் அந்தக் கழுத்துதான். அந்தக் குறி சொம்பில் எங்கே இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சாயங்காலத்துக்குள் ஒரு வீட்டுச் சீரை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று குனிந்துகொண்டேன்.

அந்தக் குறி வீடுதானா, கப்பலில் வந்த அந்தச் சின்னப் பெண் தன் கையாலேயே கீறியதா, எனக்குத் தெரியாது. எடை இல்லை என்பது மட்டும் தெரியும். பிறகாவது கல்லூரியில் போய் அவர் ஊர் விலாசம் கேட்டிருக்கலாம். அங்கே யாரிடம் என்ன சொல்லிக் கேட்பது என்ற கூச்சத்திலேயே வருடங்கள் போய்விட்டன. தாள் இன்னும் என் உளிப் பெட்டியில் இருக்கிறது. நான் பார்க்கவே போகாத அந்த அறையில், சொம்புக்குப் பக்கத்து அட்டையில் இப்போது என்ன எழுதியிருக்கும் என்று வேலைக்கு நடுவில் கை நின்றுவிடும். ஒரே ஒரு தடவை உள்ளே போய், அட்டையைப் பழையபடி எழுதி வைத்துவிட்டு வந்தால் போதும் என்றிருக்கிறது.

பாய் காட்டிய அன்றைக்கு மறுநாள் முதல் பஸ்ஸில் ராஜபாளையம் போகத்தான் செய்தேன். மெஸ்ஸில் விசாரித்து அவருடைய அறையைக் கண்டுபிடித்தேன். விடியும்போதே பெட்டியோடு மதுரை பஸ் ஏறிவிட்டதாக வீட்டுக்காரர் சொன்னார். திரும்பி வந்து அடுத்த வீட்டுச் சீருக்குப் பேர் வெட்டினேன்.