ஒரே கல்யாணத்துக்கு இரண்டு வாழ்த்துமடல்

மடுல்கெல்ல பஸ்ஸில் தனபாலன் கண்டக்டராக இருந்தபோது அந்த பஸ்ஸுக்குப் பாட்டு தேவைப்படவில்லை. அவர் வாயே போதும். ஏறுகிறவளின் கூடையைப் பார்த்து ஒரு வார்த்தை, இறங்குகிறவரின் நடையைப் பார்த்து ஒரு வார்த்தை. திட்டு வாங்கியவர்களும் சிரித்துக்கொண்டே இறங்குவார்கள். அப்படியிருக்க முதலாளி ஒருநாள் பஸ்ஸை விற்றுவிட்டார். வாங்கியவருக்குச் சொந்தத்தில் ஒரு மச்சான் சும்மா இருந்தான். அவன் கண்டக்டரானான், தனபாலன் மஹய்யாவயில் தன் வீட்டு வாசலில் கதிரை போட்டு, தெருவில் போகிறவர்களை வம்புக்கு இழுக்க ஆரம்பித்தார்.

மனைவி ஞானேஸ்வரிக்கு மாநகர சபையில் வேலை. அவள் ஒருநாள் சொன்னாள்: "என்னங்க, அந்த வாய சும்மா வீணாக்குறதுக்கு எங்கயாவது கொண்டு போய் வித்துப் பாருங்களேன்."

விற்கவும் ஒரு கடை இருந்தது. மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில் பஹ்மியின் அச்சகம். பஹ்மி மடுல்கெல்ல பஸ்ஸின் பழைய பயணி; தனபாலனுக்கு அவர் 'நானா', அண்ணன் முறை. அச்சகத்தில் கல்யாண அட்டை அடிப்பார்கள், வாழ்த்துமடல் அடிப்பார்கள். வாழ்த்துமடல் இல்லாமல் இந்தப் பக்கத்தில் கல்யாணம் நிறைவு பெறாது. மாப்பிள்ளையையும் பெண்ணையும் புகழ்ந்து ஒரு பாட்டு எழுதி, கலரில் அடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மண்டபத்தில் மைக்கில் வாசித்துக் கையில் கொடுக்க வேண்டும். பிறகு அது அவர்கள் வீட்டுச் சுவரில் ஆயுள் முழுக்கத் தொங்கும்.

பஹ்மிக்குப் பாட்டெழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த மாஸ்டர் மகனோடு கனடா போய்விட்டார். அதன்பிறகு கம்பியூட்டரில் கிடந்த பழைய பாட்டுகளில் பெயரை மாற்றி மாற்றி அடித்துச் சமாளித்தார்கள். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் பெயரை மாற்றியவர்கள் தகப்பன் பெயரை மாற்ற மறந்துவிட்டார்கள். மைக்கில் வாசித்தபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தகப்பன் எழுந்து நின்று, "அப்ப நான் யாரு?" என்று கேட்டாராம். அதிலிருந்து பஹ்மிக்குக் கம்பியூட்டர் மேல் நம்பிக்கை போய்விட்டது.

"நானா, நான் ஏழாம் வகுப்போட நின்னவன்," என்றார் தனபாலன்.

"நீ பஸ்ஸில பேசினதெல்லாம் எத்தினாம் வகுப்புப் பாடம்? எழுது பாப்பம். மொதல்ல ஒரு கல்யாணம். அது நல்லா முடிஞ்சிச்சிண்டா கடைக்கு முன்னால ஒனக்கு ஒரு மேசை போடுறேன், பேர் போட்டு போர்டும் வெக்கிறேன். கம்ப்ளெயின்ட் ஒண்டு வந்தா மேசையுமில்ல போர்டுமில்ல. பழையபடி கம்பியூட்டர்தான்."

அன்றிலிருந்து தனபாலனின் தலைக்குள் அந்த மேசை வந்து உட்கார்ந்துகொண்டது. காலமெல்லாம் நின்றபடியே வேலை செய்தவருக்கு உட்கார்ந்து செய்கிற வேலை. அதுவும் பெயர்ப்பலகையோடு.

முதல் ஆளை பஹ்மியே அனுப்பிவைத்தார். பெயர் கறுப்பையா, சந்தையில் மரக்கறி மொத்த வியாபாரம். ஹேவாஹெட்டயில் இருக்கும் தங்கையின் மகன் யுகேஷுக்குக் கல்யாணம், இவர் தாய்மாமன்.

"கவிஞரே, பொண்ணு வீட்டுக்காரங்களும் வாழ்த்து வாசிப்பாங்க. நம்மது அத அடிச்சுப் போடணும். நமக்கு மட்டுந்தான் எழுதணும், சரியா?"

முதன்முதலாக ஒரு மனிதர் கவிஞரே என்று கூப்பிட்டிருக்கிறார். தனபாலன் எதற்கும் சரி என்றிருப்பார். இரண்டு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார். நிலவு, பொன், அன்னம், தேன், மூன்று வகைப் பூ, முக்கனி என்று தனக்குத் தெரிந்த அழகான சொல் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. "வானத்து வெண்ணிலவும் வையத்துப் பொன்விளக்கும்" என்று அவர் தொடங்கியதைக் கேட்ட ஞானேஸ்வரி, "யாருக்குக் கல்யாணம்?" என்றாள்.

"யுகேஷுக்கு."

"அவரு இதுல எங்க இருக்காரு?"

"நீ நல்லாப் படிச்சா தெரியும்," என்று எரிந்து விழுந்தார்.

பாட்டை பஹ்மியிடம் கொடுத்துவிட்டு வந்த அன்றே அடுத்த வீட்டுச் செல்லமுத்து வந்து நின்றார். அவருடைய அண்ணன் மகள் சஞ்சீவனிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஹேவாஹெட்டயாம், பெயர் யுகேஷாம்.

"பாலண்ணே, மாப்பிள்ள வீட்டுக்காரங்க யாரோ பெரிய கவிஞரப் பிடிச்சிருக்காங்களாம். நம்ம மஹய்யாவ மானத்த நீங்கதான் காப்பாத்தணும். ஏலாதுன்னா சொல்லிருங்க, மாத்தளையில ஒருத்தரு இருக்காரு."

மாத்தளை என்ற சொல்தான் கெடுத்தது. ஏலாது என்று தனபாலன் வாயால் எப்படிச் சொல்வது? அதுவும் அந்தப் பெரிய கவிஞர் தானே என்று தெரிந்த பெருமையில் மனிதருக்குப் புத்தி பாதி மயங்கியிருந்தது. ஒப்புக்கொண்டார்.

பஹ்மி இரண்டு ஆர்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஒரே மாப்புள, ஒரே பொண்ணு, ஒரே கவிஞன். வெளங்குமா இது?" என்றவர், இரண்டாவதற்கு 'மஹய்யாவ மைந்தன்' என்று வேறு பெயர் போட்டார். "ரெண்டு பக்கமும் தெரியாமப் பாத்துக்க. நானும் கல்யாணத்துக்கு வருவேன்."

இனித்தான் சிக்கல். தனபாலனிடம் சொல் தீர்ந்துவிட்டது. நிலவை மறுபடி எடுத்தால் பிடிபட்டுவிடுவார். அன்னமும் அப்படியே. மூன்று நாள் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேறு வழியில்லாமல், தெரிந்ததை எழுதினார். சஞ்சீவனியை அவருக்குத் தெரியும். மடுல்கெல்லயில் ரீச்சர், தினமும் அவருடைய பஸ்ஸில் மூன்றாம் சீட். ஒரு கிழவி குடையை மறந்து இறங்கிவிட்டதற்காக வளைவில் பஸ்ஸை நிறுத்திப் பின்னுக்கு எடுக்க வைத்தவள். டிரைவர் முறைத்ததற்கு, "நீங்க மொறைச்சா மழ நிக்குமா?" என்று கேட்டவள். வளைவுகளில் வாந்தி எடுக்கிறவர்களுக்கென்று பையில் எலுமிச்சம்பழம் வைத்திருந்து, கடைசியில் தானே வாந்தி எடுப்பவள். எல்லாவற்றையும் எழுதினார். எழுதி முடித்ததும் இதெல்லாம் ஒரு பாட்டா என்று வெட்கமாக இருந்தது. பெயர் வேறுதானே என்று கொடுத்துவிட்டார்.

கல்யாண நாள். தாலி கட்டியாயிற்று. கறுப்பையா வீட்டு வாழ்த்து முதலில். மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் "வெண்ணிலவும்" என்று தொடங்கினார். முக்கனி வருவதற்குள் பின்வரிசை சாப்பாட்டுப் பக்கம் நகரத் தொடங்கியது. முடிந்ததும் கைதட்டல் கேட்டது. எத்தனை கை என்று எண்ணிவிடலாம். கறுப்பையா தனபாலனை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். அந்த நேரம் செல்லமுத்து வெளியே சாப்பாட்டுக்காரரோடு அப்பளத்துக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தது கடவுள் செயல்.

அவர் வேர்த்து உள்ளே வந்தார். பெண் வீட்டு வாழ்த்து தொடங்கியது.

குடை வந்ததும் ஒருவர் சிரித்தார். "நீங்க மொறைச்சா மழ நிக்குமா" வந்ததும் சாப்பாட்டுப் பக்கம் போனவர்கள் திரும்பி வந்தார்கள். எலுமிச்சம்பழத்தில் மண்டபமே குலுங்கியது; மணப்பெண் மாலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். அவளுடைய தாய் மட்டும் அழுதாள்.

செல்லமுத்துவுக்குத் தலைகால் தெரியவில்லை. மைக்கைப் பிடுங்கி, "மஹய்யாவ மைந்தன் மேடைக்கு வரவும்," என்றார்.

தனபாலன் செருப்பைத் தேடுகிறவர்போல் கதிரைக்கு அடியில் குனிந்தார்.

"என்னங்க, கூப்பிடுறாங்க," என்றாள் ஞானேஸ்வரி, மூன்று வரிசைக்குக் கேட்கும்படி.

கறுப்பையா போர்த்திய பொன்னாடையோடு தனபாலன் போய் மேடையில் நின்றார். செல்லமுத்து அதற்கு மேலேயே இன்னொன்றைப் போர்த்தினார். மண்டபம் பார்த்தது. கறுப்பையாவும் பார்த்தார்.

அண்டாக்கள் அடுக்கியிருந்த பின்பக்கத்தில் அவர் தனபாலனைப் பிடித்தார்.

"யோவ், நல்லத அங்க குடுத்துட்டு ஊசிப்போனத எனக்குக் குடுத்தியா?"

"சத்தியமா இல்லங்க. நல்லதுன்னு நெனச்சதெல்லாம் உங்களுக்குத்தான் போட்டேன். மிச்சத்தத்தான் அவங்களுக்குக் குடுத்தேன்."

"மிச்சத்துக்கா இந்தச் சிரிப்பு? ஏந் தங்கச்சி மூஞ்சியப் பாத்தியா? அந்தா, அச்சகத்து மொதலாளி அந்த மேசையில இருக்காரு. போய்ச் சொல்லட்டுமா?"

பஹ்மி பிளேட்டோடு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மேசையும் பெயர்ப்பலகையும் காலை ஊன்றி எழுந்து நடந்து போவது தனபாலனுக்குத் தெரிந்தது.

"பொண்ணு மாப்பிள்ள கெளம்ப முந்தி வேற ஒண்ணு எழுதித் தாறேன். உக்காருங்க. யுகேஷப் பத்திச் சொல்லுங்க."

"நல்ல பையன்."

"அது எல்லாக் கல்யாணத்துலயும் மாப்பிள்ள நல்ல பையன்தான். வேற?"

"குடிக்க மாட்டான். பெரியவங்களுக்கு மரியாத."

"வேற?"

கறுப்பையா யோசித்தார். மாப்பிள்ளையின் தாயும் வந்து நின்றாள். அவள் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு, "அண்ணே, அந்தச் சப்பாத்து வெசயம்," என்றாள்.

"ஏய், அத வெளியில சொல்லாத. மானம் போயிரும்."

"சொல்லுங்க," என்றார் தனபாலன். பஸ்ஸில் பேசிய அதே குரல்.

பெண் பார்க்கப் போன அன்று யுகேஷுக்கு நடுக்கமாம். வாசலில் கழற்றிய தன் சப்பாத்தை விட்டுவிட்டு, பெண்ணின் தகப்பன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். அது இரண்டு சைஸ் பெரிது. வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. மறுநாள் தனியாகப் போனான், பொலிஷ் போட்டு எடுத்துக்கொண்டு. கதவைத் திறந்த சஞ்சீவனி, தகப்பனுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்த அவனுடைய சப்பாத்தை எடுத்துக் கொடுத்தாள். முதல்நாள் ஒரு சொல்லும் பேசாதவர்கள் அன்றைக்குத்தான் பேசினார்கள்.

தனபாலன் கேக் பெட்டியின் மூடியைக் கிழித்து எழுதினார். யாரையும் வாசிக்க விடவில்லை. தானே மைக்கைப் பிடித்தார்.

"பெண் பார்க்க வந்தான்; மாமனார் சப்பாத்தில் போனான். மறுநாள் வந்தான், அதற்குப் பிறகு அவன் மனம் ஊர் போய்ச் சேரவில்லை."

முன்வரிசையில் பெண்ணின் தகப்பன் துள்ளி எழுந்தார். "அடப்பாவி, நான் பக்கத்து வீட்டு நாயயில்ல சந்தேகப்பட்டேன்."

அதன்பிறகு மீதி வரிகளை யாரும் கேட்கவில்லை. மண்டபம் சிரித்த சிரிப்பில் கறுப்பையாவின் முகத்து இறுக்கமும் மெதுவாக அவிழ்ந்தது. அவர் கேக் மூடியைப் பத்திரமாக வாங்கி, கண்ணாடிச் சட்டத்தின் பின்பக்கம் செருகினார்.

தனபாலன் சாப்பிட உட்காரப் போனபோது செல்லமுத்து வழியை மறித்தார். "இது என்ன ஞாயம் பாலண்ணே? அவங்களுக்கு ரெண்டு, எங்களுக்கு ஒண்ணா?"

தனபாலன் பஹ்மியைப் பார்த்தார். பஹ்மி முருங்கைக்காயைக் கடித்துக்கொண்டிருந்தார். துணிந்து சொல்லிவிட்டார்:

"நாளைக்குக் காலையில நானாட கடைக்கு வாங்க. முன்னால என் மேசை இருக்கும்."

பஹ்மி முருங்கைக்காய்ச் சக்கையைத் தட்டில் வைத்தார். "பத்து மணிக்குப் பொறகு வரச் சொல்லு," என்றார். "மேசைய மேல இருந்து எறக்கணும்."