நைந்த தோள்

துணியைக் கையில் வாங்கியதும் ஷமீனா அதை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள். வெளிச்சம் ஊடுருவுகிற இடத்தைக் கத்தரித்துக் கழித்துவிடுவாள். நைந்த துணியில் போட்ட தையல் நிற்காது. வடகரப்பதியில் பதினெட்டு வருடமாக அவள் பெயர் நிற்பது இந்தக் கறாரால்தான். நோன்பு மாதம் பிறந்தால் ஜாக்கெட் வேலையைக் குறைத்துக்கொண்டு சொந்தபந்தங்களுக்குப் பெருநாள் பரிசு தைப்பாள்: தொழுகை விரிப்பு, குர்ஆனுக்கு உறை, குழந்தைகளுக்குப் பஞ்சு வைத்த பை. எல்லாம் துண்டுத்துணிகளை இணைத்துத் தைத்தவை.

இந்த வருடம் ரஸியா அண்ணிக்கு என்ன கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. ஷமீனாவின் அண்ணன் அப்துல் சமது, பலசரக்குக் கடைக்காரர், நோன்புக்கு இரண்டு மாதம் முன்னால், ரஜப் மாதத்தில் மாரடைப்பில் போய்விட்டார். அண்ணி இத்தா இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டாமல், அலங்காரம் இல்லாமல். பெருநாள் அதற்குள்ளேயே வந்தது. புதுப்புடவை கொடுக்க முடியாது. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து, அண்ணனின் சட்டைகளை இல்லாதவர்களுக்குக் கொடுக்க எடுத்தபோது ஷமீனா கேட்டாள்.

"ஆறு சட்டைய நானு வெச்சுக்கட்டுங்களா அண்ணி? பெருநாளைக்கு ஒரு போர்வை தைக்கறேனுங்க."

ரஸியா தலையசைத்தாள். பிறகு இரண்டு தடவை ஆளனுப்பி, முடிந்ததா என்று கேட்டாள். அந்த நாட்களில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான்.

பெருநாளுக்கு முந்தின நாள் காலையில் ஷமீனா போர்வையைக் கொண்டுபோய் விரித்தாள். கட்டமும் கோடும் மாறிமாறி வந்து, ஓரம் நூல் பிடித்தாற்போல் இருந்தது. ரஸியா ஒவ்வொரு துண்டாகத் தடவினாள். திருப்பிப் பார்த்தாள்.

"தோள் எங்க?"

"என்னுங்க?"

"மூட்டை தூக்கற தோளு. நானு ஒட்டுப் போட்டது."

"அது நைஞ்சு போயிருந்துச்சுங்க அண்ணி. கழிச்சுட்டேன்."

"பாக்கெட்டு?"

"அதுல மைக்கறை இருந்துச்சுங்க."

"நல்ல துணியாப் பாத்துத்தான் எடுத்திருக்கற," என்று ரஸியா போர்வையை மடித்து அவள் பக்கமே தள்ளினாள். கோபப்பட்டிருந்தால் ஷமீனாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

தையல் கழிவெல்லாம் பழனாத்தாளுக்குத்தான் போகும். அடுத்த தெருவில் அதை அடைத்துத் தலையணை செய்து விற்பவள். ஷமீனா நேரே அங்கே போனாள்.

"வா கண்ணு. டீ வெக்கட்டுமா? அட, உனக்கு நோம்பாச்சே."

"அக்கா, போன மாசம் குடுத்த மூட்டை இருக்குதுங்களா?"

"அதுல மூணு தலகாணி ஆச்சு. ரெண்டு வித்துப்போச்சு. ஒண்ணு என்ற கட்டில்ல கெடக்குது."

ஷமீனா விஷயத்தைச் சொன்னதும் பழனாத்தாள் வாயில் கைவைத்தாள். "அப்ப இத்தன நாளா உங்கண்ணன் சட்டையிலயா தல வெச்சுப் படுத்தேன்? ஒரு வார்த்த சொல்லிருக்கலாமல்ல. அதுதான் கனவுல அரிசி வெல சொல்லிட்டே இருந்தாரு."

இருவரும் சிரித்துவிட்டார்கள். பழனாத்தாள் தலையணையைத் தானே கிழித்துக் கொட்டினாள். ஜாக்கெட் துணி, பாவாடை ஓரம், பள்ளிச் சீருடை எல்லாம் கலந்த குவியலை சாயங்காலம் அஸர் தொழுகை நேரம் வரைக்கும் கிளறினார்கள். கிடைத்தது ஒரு தோள், பேனா மை ஊறிய ஒரு பாக்கெட், இரண்டு காலர் துண்டுகள்.

வீட்டில் வைத்து அந்தத் தோளைப் போர்வையில் பிடித்துத் தைக்கப் பார்த்தாள். முதல் குத்திலேயே துணி விட்டுக்கொடுத்தது. ஊசியை எடுத்துவிட்டாள்.

பெருநாள் தொழுகை முடிந்து ஆண்கள் வீடு திரும்பும் நேரத்தில் துண்டுகளை அப்படியே ஒரு கவரில் போட்டு அண்ணியிடம் கொண்டுபோனாள்.

"இவ்வளவுதான் கெடச்சுதுங்க. தைக்க வரலீங்க எனக்கு. மன்னிச்சுக்கங்க."

ரஸியா கவரைத் தரையில் கவிழ்த்தாள். ஒரு காலரை எடுத்துப் பார்த்து, "இது வேற யாருதோ," என்று ஒதுக்கினாள். தோளை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "ஊசி குடு," என்றாள்.

பழைய ஒட்டின் ஓரத்தைப் பிடித்து, நைந்த இடத்தைத் தொடாமல், பெரிய பெரிய கோணல் தையலாகப் போட ஆரம்பித்தாள். தன்னிடம் தையல் பழக வருகிற பெண் இப்படித் தைத்தால் ஷமீனா பிரிக்கச் சொல்லுவாள்.

"பிரியாணி ஆறிப்போயிரும். நீ போய்ச் சாப்புடு," என்றாள் ரஸியா, நிமிராமல்.

ஷமீனா போகவில்லை. போர்வையின் மறுமுனை நழுவாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.