பதில் மணி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் நடந்தது நடந்ததுதான். அதுவும் நல்ல பட்டப்பகலில்.

ரயில் நின்றுபோன ஒரு சின்ன ஸ்டேஷன். மிச்சமிருந்த தண்டவாளத்தைக் கழற்றும் வேலை எனக்கு வந்தது. இரண்டு பக்கமும் முன்பே பெயர்த்தாயிற்று. நடைமேடைக்கு எதிரே மட்டும் ஒரு துண்டு, துருவேறிக் கிடந்தது. கூட வந்தவர் என் அக்கா புருஷன். வேறொரு ஊரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருந்தால் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அதனால் என்னோடு கிளம்பிவிடுவார்.

நான் தண்டவாளத்தில் மண்டியிட்டு போல்ட் கழற்றிக்கொண்டிருந்தேன். அத்தான், பக்கத்து ஸ்டேஷனோடு மணியடித்துப் பேசும் பழைய மணிப்பெட்டியைப் பார்க்க மாஸ்டர் அறைக்குள் போனார்.

டிங்... டிங்... டிங்.

பிறகு பெட்டியின் விசையை அழுத்தும் சத்தம். டொக்... டொக்... டொக்.

"என்னத்தான், விளையாட்டா?"

வாசலுக்கு வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"மணி அடிச்சது நான் இல்ல, மாப்ள. பக்கத்து ஸ்டேஷன்லேருந்து... வண்டி அனுப்பட்டுமான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"அதே மாதிரி திருப்பித் தட்டினா, அனுப்புன்னு அர்த்தம். முப்பது வருஷப் பழக்கம்... கை தானா தட்டிடுச்சு."

சிரிப்புதான் வந்தது. அந்தப் பெட்டிக்கு வயர் தொடர்பே கிடையாது. அறுந்த முனை வெளிச்சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் முழங்காலில் உணர்ந்தேன். தண்டவாளம் லேசாக அதிர்ந்தது. இரண்டு முனையும் வெட்டுப்பட்ட தண்டவாளம்... எங்கிருந்தோ பாசி நாற்றம்.

"எந்திரி, மாப்ள."

கால் மரத்துப்போயிருந்தது. அசையவில்லை.

அதிர்வு பல்வரைக்கும் ஏறியது.

அத்தான் குதித்தார். என் காலரைப் பிடித்து இழுத்தார்.

காற்று...

ஈரக் காற்று... போய்க்கொண்டே இருந்தது.

நின்றது.

கண் திறந்தேன். தண்டவாளத்தின் மேல்பக்கம் துரு போய்ப் பளபளத்தது. காய்ந்து கிடந்த நடைமேடையில் தண்ணீர் சொட்டியது. நான் விட்டுவந்த ஸ்பேனர் தகடாக நசுங்கிக் கிடந்தது. எடுத்தோம் ஓட்டம்.

மறுநாள் காண்ட்ராக்டரிடம் போய், அடுத்த ஸ்டேஷன் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

"அதுவா? அணை கட்டினப்பவே தண்ணிக்குள்ள போயிடுச்சு. அதனாலதானே இந்த லைனையே மூடினாங்க."

அக்காவிடம் இதையெல்லாம் நாங்கள் சொல்லவில்லை. பயந்துவிடுவாள்.

நேற்று மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அத்தான் திடீரென்று பேச்சை நிறுத்தினார். அவர் விரல் மேசையைத் தட்டியது.

டொக்... டொக்... டொக்.

அக்கா நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"எங்கேயோ மணி அடிச்சுதே... உங்களுக்கும் கேட்டுச்சா?"