வெள்ளை நூல்

ஜப்பான்காரன் காலத்தில், கூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரெசராக இருந்தேன். அரிசியில்லாமல் மரவள்ளியையே தின்ற தாய்மாரின் கைக்குழந்தைகள் உடல் வீங்கிச் செத்தன. தவிட்டுத் தண்ணீர் காப்பாற்றுமா என்று ஒரு ஜப்பானிய டாக்டர் சோதித்தார். வரிசையில் வரும் குழந்தைகளின் கையில் சிவப்பு நூலும் வெள்ளை நூலும் மாற்றி மாற்றிக் கட்டச் சொன்னார். சிவப்புக்குத் தவிட்டுத் தண்ணீர், வெள்ளைக்கு வெறும் தண்ணீர். தாய்மாரிடம் சொல்லக்கூடாது. சிவப்புதான் பிழைக்கிறது என்பது எனக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

ஒருநாள், பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் பச்சையம்மாளின் மகளுக்குச் சிவப்பு முறை வந்தது. அவளுக்குப் பின்னால் என் மனைவி, வீங்கிய எங்கள் மகனோடு நின்றாள். சிவப்பை அவனுக்கு வைத்துக்கொண்டு, பச்சையம்மாள் மகளுக்கு வெள்ளையைக் கட்டினேன்.

"இது என்னா நூலு, டிரெசரையா?"

"காப்பு மாதிரிதான்," என்றேன்.

பதினோராம் நாள் அந்தக் குழந்தை இறந்தது. குழியில் இறக்கும் முன் அரைஞாண் கயிற்றை அறுத்தார்கள். நூலையும் அறுக்க நான் கத்தரியை எடுத்தேன். பச்சையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத விட்டுடுங்கையா. நீங்க கட்டுன காப்பு, அதாச்சும் கூடப் போவட்டும்."

என் மகனுக்கு இப்போது மூன்று பிள்ளைகள். கோயிலில் அவர்களுக்குக் காப்புக் கட்டும்போது நான் வெளியே போய் நின்றுகொள்கிறேன்.